மலை இடக்கைப் பக்கம் வந்த நாள்

எங்கள் திருவண்ணாமலை வேங்கிக்கால் குடியிருப்போர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்கள் ஒவ்வொருத்தரும் தங்களுக்குத் தெரிந்த ஒருத்தரைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் கோதண்டராமன் கேட்டார். என்னைப் பற்றி நானே எழுதினால் மலர் முழுக்க எனக்கே போய்விடும், மற்றவர்களுக்கு இடம் இருக்காது. அதனால் என் சம்சாரம் ஜோதியம்மாளைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் நானும் வருவேன். அதைத் தவிர்க்க முடியாது.

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போன பையன், பிறகு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் இரும்பு ராடு தூக்கினேன், பிறகு அதே வண்டியை ஓட்டினேன், பிறகு சொந்த வண்டி வாங்கினேன். இன்றைக்கு இந்த மாவட்டத்தில் எந்த ஊரில் இறங்கி போர்வண்டி சகாதேவன் என்று கேட்டாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரே நான் எடுத்ததாக இருக்கும். எந்த ஊரில் இறங்கினாலும் சூரியனை ஒரு பார்வை பார்த்து ஈசானிய மூலை எது என்று கையை நீட்டிக் காட்டிவிடுவேன். போர் போடுகிறவனுக்கு அதுதான் முதல் பாடம். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தானாக வந்தது.

சொந்த வண்டி வாங்கியது எண்பத்தொன்பதில். வாங்கின புதிதில் போட்ட குழியெல்லாம் புழுதி. இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று சொல்லிப் பார்த்தேன், வெள்ளைப் பொடிதான் வந்தது. ஊரில் என் வண்டியைப் பார்த்தாலே, "தோ வருது பாரு பவுடர் டப்பா" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் ஜோதி வேண்டிக்கொண்டாள். "இவரு போடற குழியில தண்ணியக் காட்டு, என் காலு நடக்குற வரைக்கும் பௌர்ணமி தவறாம ஒன்னைச் சுத்தி வரேன்" என்று அண்ணாமலையார் மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். இப்போது மாதிரி அப்போது பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் கிடையாது. பாதையில் விளக்கு கிடையாது, முள்ளும் கல்லும்தான். நாலு பொம்பளைகள் சேர்ந்துகொண்டு வெறுங்காலோடு போவார்கள்.

அடுத்த மாதம் கீழ்பென்னாத்தூரில் போட்ட குழியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்து குளித்தன. தண்ணீர் இருக்கிற அந்தப் பாயிண்டைப் பார்த்துச் சொன்னது நான். என் கண். இருந்தாலும் ஜோதி அது தன் காலால் வந்தது என்று நினைத்துக்கொண்டாள், நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மழையிலும் போனாள், காய்ச்சலோடும் போனாள். மகன் கல்யாணத்து மறுநாள், வீடு நிறைய விருந்தாளி இருக்கும்போது, பந்தியில் பாதியில் எழுந்து போனாள்.

மகன் விமல்ராஜ் அமெரிக்காவில் அரிசோனா என்கிற இடத்தில் இன்ஜினியர். வந்து பாருங்கள், வந்து பாருங்கள் என்று வருஷாவருஷம் கூப்பிடுவான். ஜோதி முடியாது என்பாள். கடைசியில் இரண்டாயிரத்து மூன்றில் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. ஒரு பௌர்ணமி சுத்திவிட்டு மறுநாள் கிளம்ப வேண்டும், அடுத்த பௌர்ணமிக்குள் திருவண்ணாமலையில் வந்து இறங்கிவிட வேண்டும்.

போனோம். விமானத்தில் நான் பயப்படவே இல்லை. அரிசோனாவில் இறங்கியதும் எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கே பார்த்தாலும் காய்ந்த மண், முள்ளு, பாறை. மழையில்லாத நம்ம ஜில்லா மாதிரிதான். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றேன். "நைனா, சும்மா இருங்க" என்றான் மகன். மருமகள் பேர் வினோதினி, பேத்தி ஓவியாவுக்கு ஆறு வயசு. என்னை இங்கிலீஷிலும் ஜோதியைத் தமிழிலும் திட்டுவாள்.

ஊர் திரும்ப நாலைந்து நாள் இருக்கும்போது விமல் சொன்னான், "அம்மா, டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிட்டேன். எனக்கும் வினோதினிக்கும் இப்பத்தான் லீவு கெடச்சுது. ஆத்துல படகுல போறோம். சின்னப் புள்ளைங்க, வயசானவங்க எல்லாம் போற மாதிரி. ஒண்ணும் பயமில்ல, ஆளு கூட்டினு போவாங்க. பாலைவனத்து நடுவுல, மலையைப் பொளந்துக்கிட்டு போற ஆறு."

ஜோதி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "பௌர்ணமி என்னிக்கு?"

விமல் காலண்டரைப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. "அந்தப் படகு போற அன்னிக்குத்தான்மா."

"ஒன்னைப் பெத்ததுக்கு நல்ல வேலை செஞ்சே" என்றாள். அதற்குமேல் அவனோடு பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. டிக்கெட்டைத் திரும்ப மாற்ற முடியாது என்று வினோதினி போனில் யாரிடமோ கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பாவம், அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

படகுக்குப் போகிற நாள் காலையில் நான் ஊருக்குப் போன் போட்டேன். எடுத்தது என் வண்டி டிரைவர் தருமன். "தருமா, இன்னிக்குப் பௌர்ணமியா?" என்றேன்.

"ஆமாண்ணே, இருட்டிடுச்சு. ஜனம் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. கிரிவலப் பாதையில காலு வெக்க எடமில்ல."

"இங்க இப்பதாண்டா பல்லு வெளக்குறேன்."

"அப்போ அங்க பௌர்ணமி நாளைக்காண்ணே?"

விமலைக் கேட்டேன். நிலா ஒன்றுதான், பௌர்ணமியும் ஒன்றுதான், தேதிதான் வேறே, ஆனால் இன்றைக்குத் தேதியும் ஒன்றுதான் என்று ஏதோ சொன்னான். படித்தவன் சொன்னதால் சரியாகத்தான் இருக்கும். எனக்குப் புரியவில்லை. ஜோதி மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நாம படகுல கீற நேரத்துலதான் அங்க ஜனம் சுத்தும்?"

"ஆமாம்மா. சரியா அதே நேரம்."

அவள் போய்க் குளித்துவிட்டு, கொண்டுவந்த விபூதியைப் பூசிக்கொண்டு, செருப்பைக் கழற்றி அறையிலேயே விட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

ஒரு பெரிய அணைக்குக் கீழே கொண்டுபோய் இறக்கினார்கள். நம்ம சாத்தனூர் அணையைப் போல் ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த உயரம் வரும். இரண்டு பக்கமும் செவப்புப் பாறை நேராகச் சுவர் வைத்தது போல நிற்கிறது. கீழே கொலராடோ என்று ஆறு, பச்சைப் பசேல் என்று, ஐஸ் மாதிரி குளிர்ந்து ஓடுகிறது. என் தொழிலில் நான் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை போட்டு உள்ளே தண்ணீர் தேடுவேன். இங்கே யாரோ மலையையே அகலமாகப் போர் போட்டு, அடியில் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறான். என்னாலும் இவ்வளவு ஆழம் போக முடியும். இந்த அகலம்தான் முடியாது.

அண்ணாந்து பார்த்தேன். சூரியன் இல்லை. சுவரின் உச்சியில் வெளிச்சம் மட்டும் இருந்தது. ஈசானியம் எது என்று கை நீட்டப் போனேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது. இந்த வயசில் முதல் தடவையாக எனக்குத் திசை தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை, சும்மா தலையைச் சொறிந்த மாதிரி கையை இறக்கிக்கொண்டேன்.

படகு ரப்பர் படகு. ஓட்டுகிறவள் ஒரு வெள்ளைக்காரப் பெண், தோளைப் பார்த்தால் ராடு தூக்குகிற பசங்களைப் போல. தண்ணீரில் மூழ்காமல் இருக்க எல்லோருக்கும் காற்றுச் சட்டை மாட்டினாள். ஜோதிக்கு முந்தானையை உள்ளே விடுவதா வெளியே விடுவதா என்று தெரியாமல் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போராடினார்கள். ஓவியா, "ஆயா, நீ ஆரஞ்சு பலூன் மாதிரி கீறே" என்றாள்.

"நீ மட்டும் இன்னாடி, பூசணிக்கா" என்றாள் ஜோதி.

ஜோதியின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, படகு ஓட்டுகிற பெண் ஏதோ சொன்னாள். "செருப்பு போடணுமாம்மா, பாறை கிழிச்சிடுமாம்" என்றான் விமல்.

"பதினாலு வருஷமா கிழிக்காத காலு இன்னிக்கா கிழிக்கும்? அந்தப் பொண்ணைத் துடுப்பைப் போடச் சொல்லு."

நானும் ஜோதியும் படகின் முன்மூக்கில் உட்கார்ந்தோம். நடுவில் துடுப்போடு அந்தப் பெண். பின்னால் மகன், மருமகள், பேத்தி. படகு சத்தமே இல்லாமல் மிதந்து போனது. துடுப்பு பேருக்குத்தான், தண்ணீரே இழுத்துக்கொண்டு போகிறது. ஓவியாவைக் கொஞ்ச நேரம் துடுப்பு போடவிட்டார்கள். கொக்கு பார்த்தோம். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், ஜோதியைத் தவிர. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு, கிரிவலப் பாதையில் வருகிற கோயில்களை மனசுக்குள் எண்ணி, "இந்நேரம் நான் அக்னிலிங்கம் தாண்டியிருப்பேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "இப்ப எமலிங்கம்" என்றாள்.

அப்போது ஓட்டுகிற பெண் முன்னால் கையைக் காட்டி நீளமாகப் பேசினாள். விமல் சொன்னான், "அம்மா, முன்னால ஒரு பெரிய பாறை மலை வருதாம். ஆறு நேரா போவாம அந்த மலையைச் சுத்திக்கிட்டுப் போவுமாம். ஏறக்குறைய முழுசா ஒரு சுத்து."

ஜோதி நிமிர்ந்தாள். "மலையைச் சுத்தியா?"

"ஆமாம்மா."

"எந்தக் கைப்பக்கம் வரும் மலை?"

விமல் கேட்டுச் சொன்னான். "வலது கை."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு வந்த தண்ணீரைப் பார்த்த கீழ்பென்னாத்தூர் ஜனங்களின் முகம் அது. இரண்டு கையையும் கூப்பினாள். "அங்க போவ முடியலன்னு இங்க கொண்டாந்து வெச்சிருக்கார்" என்றாள். மலை வலப்பக்கம் வந்தது. பெரிய மலை, செவப்பு, நம்ம மலைக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஜாடை. ஆனாலும் மலை. அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

பாதி சுத்து வந்திருக்கும். இடப்பக்கச் சுவரில் நான் ஒன்றைப் பார்த்தேன். மொட்டைப் பாறை, புல் பூண்டு கிடையாது, அதன் நடு வயிற்றில் ஒரு கீறலில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே பச்சையாகச் செடி தொங்குகிறது. மேலே பாலைவனம், கீழே ஆறு, நடுப்பாறையில் ஊற்று! என் பிழைப்பே அந்தக் கீறலைத் தேடுவதுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகு அதைத் தாண்டிவிட்டது.

"டேய் விமல்! அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வண்டியத் திருப்பச் சொல்லுடா, அந்த ஊத்தைப் பார்க்கணும்!" என்று கத்தினேன்.

அவனும் சொன்னான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு துடுப்பைத் தள்ளி ஒன்றை இழுத்தாள். படகு அப்படியே திரும்பியது. முன்மூக்கு பின்பக்கம் பார்த்தது. ஊற்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஐயோ!" என்றாள் ஜோதி. "மலை எடக்கைக்கு வந்துடுச்சு!"

திரும்பிப் பார்த்தேன். ஆமாம். நாங்கள் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம், மலை எங்கள் இடக்கைப் பக்கம் இருந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். படகில் எழுந்து நிற்கக் கூடாது. ஓட்டுகிற பெண் கத்தினாள், வினோதினி கத்தினாள். நான் ஜோதியின் காற்றுச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். "உடுங்க! திரும்பி உக்காரணும்!" என்று அவள் என் கையைத் தட்டினாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைத்து, ஓட்டுகிற பெண் படகை அவசரமாகத் திருப்பினாள். வேகத்தில் படகு நிற்காமல் இன்னொரு சுத்து சுத்தியது. மலை வலப்பக்கம் வந்தது, பின்னால் போனது, இடப்பக்கம் வந்தது, முன்னால் வந்தது. படகு மலையைச் சுத்துகிறதா, மலை படகைச் சுத்துகிறதா என்று எனக்குப் புரியவில்லை. ஓவியாவுக்கு மட்டும் ஒரே கும்மாளம். "அகெய்ன்! அகெய்ன்!" என்று கை தட்டினாள்.

படகு நேரானபோது மலை முடிந்துவிட்டிருந்தது. முழுச் சுத்தும் இல்லை. கழுத்து மாதிரி கொஞ்சம் இடத்தை விட்டுவிட்டு ஆறு அந்தப் பக்கம் போய்விட்டது.

மணல் திட்டில் நிறுத்திச் சாப்பாடு கொடுத்தார்கள். யாரும் தொடவில்லை. "இது கணக்குல சேருமா, சேராதா?" என்று ஜோதி கேட்டாள்.

"சேரும்" என்றேன் நான். "படகுதான் திரும்பிச்சு. ஆறு திரும்பலையே. ஆத்துக்கு மலை வலக்கைதானே?"

"வேண்டிக்கிட்டது நானா, ஆறா?"

"மனசுதான் அத்தை முக்கியம்" என்றாள் வினோதினி.

"மனசாம்மா பதினாலு வருஷம் நடந்துச்சு?"

ஓட்டுகிற பெண் பக்கத்தில் வந்து குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். என்ன விஷயம் என்று விமலிடம் கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அவனிடம் ஒன்று கேட்டாள். "இடப்பக்கமா போனா என்ன ஆவும்னு கேக்கறாம்மா" என்றான் விமல்.

"அது யாருக்குத் தெரியும்? எவனும் அப்படிப் போனதில்லையே" என்றாள் ஜோதி.

காரில் திரும்பிப் போகிறபோது நிலா வந்தது. முழு நிலா, பாலைவனத்துக்கு மேலே, தட்டு மாதிரி. அங்கே முடிந்துபோன பௌர்ணமியா, இங்கே ஆரம்பிக்கிற பௌர்ணமியா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊருக்கு வந்தோம். வந்ததும் தருமன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணே, பௌர்ணமி அன்னிக்கு ராத்திரி போரு ஓட்டினோம் இல்ல, குழிக்குள்ள ராடு மாட்டிக்கிச்சு. எனக்கு உசுரே போயி வந்துச்சுண்ணே. அப்புறம் தானா உட்டுச்சு."

போர் வண்டிக்காரனுக்கு ராடு மாட்டுவது என்றால் வீடு இடிந்த மாதிரி. ஜோதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவன் ஒழுங்கா ஓட்டியிருக்க மாட்டான்" என்றேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எப்போடா மாட்டிச்சு?"

"ஜனம் சுத்திக்கினு இருந்தப்ப."

"எப்ப உட்டுச்சு?"

"விடியறதுக்கு முன்னால. சேவல் கூவிச்சு. கூவலையோ?"

விமலுக்குப் போன் போட்டேன். அங்கே படகு திரும்பியபோது இங்கே மணி என்ன என்று கேட்டேன். பன்னிரண்டரை மணி நேரம் கூட்டிக்கங்க நைனா என்றான். பன்னிரண்டு சரி, அந்த அரை எதற்கு என்று கேட்டேன். அது அப்படித்தான் என்று போனை வைத்துவிட்டான். மலை இடக்கைக்கு வந்தபோது மாட்டியதா, வலக்கைக்குத் திரும்பியபோது விட்டதா, இல்லை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? நானும் தருமனும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். எண்ணுகிற ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தது. கடைசியில் அவன், "அண்ணே, வண்டிக்கு டீசல் போடணும்" என்று எழுந்து போய்விட்டான்.

அடுத்த பௌர்ணமிக்கு ஜோதி முகம் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "கெளம்புங்க."

"எங்க?"

"மலைக்கு. படகைத் திருப்பச் சொன்னது நீங்க. கெட்டுப்போன சுத்தை நீங்கதான் நடக்கணும். செருப்பைக் கழட்டுங்க."

மலையைச் சுத்தி எட்டுத் திக்கிலும் குழி போட்டவன் நான். சுத்தி மட்டும் ஒருநாளும் வந்தது கிடையாது. நேரம் ஏது? போனேன். ராஜகோபுரத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். நான் வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தேன். "தோ, அந்த டீக்கடை போரு, நம்மது. அந்த மடத்து போரு, நம்மது. ஜாஸ்தி ஆழம் போகல, நல்ல தண்ணி."

டீக்கடைக்காரர் வெளியே வந்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "ஜோதிம்மா! போன மாசம் காணோமே, ஒடம்புக்கு இன்னா?" என்றார்.

பூக்காரி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காவி கட்டிய ஒரு பெரியவர், "வந்துட்டியா தாயி" என்றார். எமலிங்கத்தில் விபூதி கொடுக்கிறவர், "ஒரு மாசம் வராம எங்களைக் கலங்கடிச்சிட்டியேம்மா" என்றார். என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார்.

இவரு யாரு! என்னை! அந்தக் கோயில் பக்கத்து போர் நான் போட்டது!

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் ஜோதி.

அடி அண்ணாமலை கோயில் தாண்டியதும் கூட்டத்தில் அவளை விட்டுவிட்டேன். முன்னால் பார்த்தால் ஜனம், பின்னால் பார்த்தால் ஜனம். மலையைப் பார்த்தேன். எங்கள் வீட்டு மாடியில் இருந்து தினம் பார்க்கிற மலையாக இல்லை. இந்தப் பக்கத்தில் இருந்து அதற்கு வேறு முகம். ஒரு நிமிஷம் செவப்புச் சுவரும் பச்சைத் தண்ணீரும் ஞாபகம் வந்து, நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. முள் குத்தி ஒரு கால் நொண்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சுண்டல் விற்கிற அம்மாளிடம் போய், "போர்வண்டி சகாதேவன்..." என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் வெறுமனே பார்த்தாள். "ஜோதியம்மா வூட்டுக்காரன்" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. இப்பத்தான் குபேரலிங்கம் பக்கம் போச்சு. ஆள் அனுப்பறேன்."

ஜோதி திரும்பி வந்தாள். பாதையில் பின்பக்கமாக வந்தால் மலை இடக்கைக்குப் போய்விடுமே என்று நான் பதறினேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. என் காலைத் தூக்கிப் பார்த்து முள்ளை எடுத்தாள்.

"இப்ப நீ எடக்கையில வந்தியே, அது கணக்குல சேருமா?" என்று கேட்டேன்.

"தொலைஞ்சவரைத் தேட வந்தது சுத்துல சேராது. எழுந்திருங்க" என்றாள்.

முடித்தோம். போன மாசத்துச் சுத்து சரியாகிவிட்டதா என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நீங்க நடந்தீங்க இல்ல" என்று மட்டும் சொன்னாள். அது ஆமாமா, இல்லையா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தொழில் நன்றாக நடக்கிறது. அதில் என் கண்ணுக்கு எவ்வளவு, அவள் காலுக்கு எவ்வளவு என்றும் இப்போது சொல்ல வரவில்லை.

அவள் கூப்பிடாமலேயே அடுத்த பௌர்ணமிக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும். ஜோதியம்மா வூட்டுக்காரர் என்று இப்போது டீக்கடையில் எனக்குத்தான் முதல் டம்ளர் டீ. கூட்டத்தில் அவள் என் முன்னால் மெதுவாக நடக்கிறாள். நான் நடுநடுவே தலையைத் திருப்பி, மலை வலக்கைப் பக்கம்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.